கறிவேப்பிலை விதை ஏன் முளைக்க மாட்டேங்குது?

தக்காளி விதையைப் பொட்டலம் கட்டி வைத்து அடுத்த வருஷம் போட்டாலும் முளைக்கும். அதே நம்பிக்கையில் கறிவேப்பிலை விதையையும் நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்கிறோம். ஆனால் அது முளைப்பதில்லை. மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. டப்பாவிலேயே விதை செத்துப் போச்சு.

நெல், வெண்டை, தக்காளி விதைகள் முற்றும்போதே நீரை இழந்து உறக்கத்துக்குப் போய்விடும். சாக்கடல் ஓரம் மசாடா கோட்டையில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டு பழைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-ல் முளைத்ததே!

பலா, மா, ரப்பர் விதைகள் வேறு சாதி. அவை ஈரத்தோடுதான் விழும். நீர் குறைந்தால் செல் சவ்வு சிதைந்து கரு இறந்துவிடும். உறைய வைத்தாலோ, உள்ளே ஐஸ் கட்டி செல்லைக் கிழிக்கும். அதனால்தான் நார்வேயில் 2008-ல் திறந்த ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்தில், மைனஸ் 18 டிகிரி குளிரில், பலாக்கொட்டைக்கு இடமில்லை. பலா ரகங்களைப் பெரும்பாலும் தோப்பில் மரமாக வளர்த்தே காப்பாற்றுகிறார்கள். 2018-ல் கஜா புயல் புதுக்கோட்டை பக்கம் பலா மரங்களைச் சாய்த்ததை நினைத்தால், அது எவ்வளவு பலவீனமான காவல் என்பது புரியும்.

கறிவேப்பிலையும் வேம்பும் இவ்வளவு மோசமில்லை. சில வாரம் தாங்கும். கறுத்துப் பழுத்த கறிவேப்பிலைப் பழத்தைப் பறிச்சு, சதையைப் பிசைந்து கழுவி, ஓரிரு நாளுக்குள் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்க. ஈரம் காயக் கூடாது.

பாக்கெட் விதை வாங்கினால், பழம் பறித்த தேதியைக் கேளுங்க. சொல்லத் தெரியலைன்னா வாங்காதீங்க. பக்கத்து வீட்டு மரத்தடியில் கிளம்பும் கன்றைக் கேட்டு வாங்குவதே மேல்.