மாடியில் மண்ணில்லா விவசாயம்: வேருக்கு நிழல் கொடுங்கள்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் மொட்டை மாடியில் குழாய் அமைத்து, மண்ணில்லாமல் லெட்டூஸும் கீரையும் வளர்ப்பவர்கள் சித்திரை பிறந்ததும் கேட்பது இதைத்தான்: ‘தண்ணீர் ஓடுகிறது, உரமும் விடுகிறோம். ஆனாலும் நடுப்பகலில் செடி துவண்டுவிடுகிறதே?’

செடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும். பழுப்பேறி, வழவழப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது வேரழுகல். நாற்றங்காலில் நாற்றழுகலை உண்டாக்கும் அதே பித்தியம்தான். இதன் வித்துகள் நீரில் நீந்தும். ஒரு செடியில் வந்தால் வரிசை முழுக்கப் பரவும். சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் உரம் ஊற்றினால் உப்பு ஏறி இன்னும் கெடும்.

சூடுதான் மூலம். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5தான். சூட்டில் வேருக்கோ ஆக்சிஜன் தேவை கூடுகிறது. கத்திரி வெயிலில், கருப்புத் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம்!

தொட்டியை மாடிப்படி நிழலில் வைத்து, ஈரச்சாக்கு சுற்றி, மூடிவையுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். குழாய்க்கு வெள்ளை பெயின்ட், மேலே 50 சதவீத நிழல்வலை. மீன்தொட்டிக் காற்று மோட்டார் ஒன்றைக் கரைசலில் ஓடவிடுங்கள். நீர் மோட்டாரை இன்வெர்ட்டரில் இணைப்பது அவசியம். மின்வெட்டில் குழாய் வேர் சீக்கிரம் காய்ந்துவிடும்.

அழுகல் வந்துவிட்டால் அந்தச் செடிகளைப் பிடுங்கி, கரைசலைக் கொட்டி, குழாயை பிளீச்சிங் நீரில் கழுவி நன்றாக அலசுங்கள். மே மாதத்தில் லெட்டூஸ் எதற்கு? குளத்திலேயே வளரும் வள்ளைக்கீரையைப் போடுங்கள்.