ஒரே மண்டபம், ஐந்து தரங்கள்

பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளை, கொஸ்லந்தை என இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலை மலைகளில் தோட்டப் பாடசாலை என்றால் நெடுங்காலம் ஒரு மண்டபமும் ஓர் ஆசிரியருமே. முதலாம் தரத்துப் பிள்ளையும் ஐந்தாம் தரத்துப் பிள்ளையும் இடையில் சுவரின்றி அமர்ந்து படித்தனர்.

ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் கடமையை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. கொழுந்தெடுக்கக் கைகள் மட்டுமே வேண்டியிருந்த துரைமாருக்கு அது வீண்செலவாகப் பட்டது. ஆகவே பெயரளவில் ஒரு வாத்தியார் போதுமென்று விட்டனர். 1945இல் வந்த இலவசக் கல்வியும் தொழிலாளர் வாழும் லயங்களை உடனே எட்டவில்லை. 1970களில்தான் அரசு பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது.

பற்றாக்குறையால் வந்த, ஓர் ஆசிரியரே பல தரங்களுக்கும் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டைக் கல்வியியல் இன்று பல்தரக் கற்பித்தல் என்கிறது. அதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது நேரப் பங்கீடு: ஒரு தரத்துக்கு ஆசிரியர் பாடம் சொல்லும்போது மற்றவை வாசிப்பிலும் பயிற்சியிலும் இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது மட்டுமே அந்தப் பயிற்சியானால் பிள்ளைகளின் பொழுது வீணாகும். இரண்டாவது பொதுக் கருப்பொருள்: தேயிலைக் கொழுந்தையே எடுத்துக்கொண்டால் சிறியவர் இலைகளை எண்ணலாம், நடுத்தரத்தினர் கூடைகளின் நிறையைக் கூட்டலாம், மூத்தவர் மாதச் சம்பளத்தைக் கணக்கிடலாம்.

மூன்றாவது, மூத்த பிள்ளை இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பது. தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலை இது. மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல் 1797இல் அதைப் பற்றி எழுத, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துக்கும் பரவியது. கழித்தலில் கடன் வாங்குவது ஏன் என்று தம்பி கேட்கும்போதுதான், அதை மனப்பாடமாகச் செய்துவந்த அக்காவுக்குத் தன் அறிவின் ஓட்டை தெரியும். விளக்கம் தேடும் அந்த முயற்சியில் அவளும் கற்கிறாள்.

இவற்றுக்கு முன்கூட்டித் தயாரித்த பயிற்சி அட்டைகள், அளவான பிள்ளைத் தொகை, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகியவை வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற நிறுவனங்கள் மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்குவது இதனால்தான் முக்கியம். ஆசிரியர் இல்லாத குறையை மூத்த பிள்ளையின் தலையில் சுமத்தினால் அவளுடைய படிப்புத்தான் பறிபோகும். ஆசிரியர் திட்டமிட்டு, அருகிருந்து திருத்தும்போது மட்டுமே இது கற்பித்தலாகும்.