மூப்படைந்த கண்ணும் துளைக்குறியும்



நாற்பது வயதைத் தாண்டியவர் புதினப் பத்திரிகையை எட்டப் பிடித்து வாசிப்பதை நாம் நாளும் காண்கிறோம். கண்ணினுள் அமைந்த வில்லை இளமையிலே நெகிழ்ச்சியுடையது. அண்மைப் பொருளை நோக்குங்கால் தடித்தும், சேய்மைப் பொருளை நோக்குங்கால் மெலிந்தும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். வயது ஏற ஏற அது இறுகிவிடுகின்றது. வாசிப்பவருக்கு இக்குறை ஒரு மூக்குக் கண்ணாடியோடு தீர்ந்துவிடும். அமெரிக்கக் காடுகளில் மான் வேட்டைக்குச் செல்லும் முதியவருக்கோ அஃது அத்துணை எளிதன்று.

அந்நாட்டில், நெம்புகோலை இயக்கித் தோட்டாவை ஏற்றும் றைபிள்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாளப்படுகின்றன. ஜோன் பிறவுணிங் வகுத்த 1894 வின்செஸ்டர், 1948இல் வெளிவந்த மார்லின் 336 ஆகியன அவற்றுட் புகழ்பெற்றவை. இவற்றின் குழல்மீது வழக்கமாக அமைந்திருப்பது திறந்த குறி. பின்னே ஒரு வெட்டு, முன்னே ஒரு சிறுமணி, அப்பால் இலக்கு: இம்மூன்றும் மூன்று தூரங்களில் நிற்கின்றன. எந்தக் கண்ணும் இவற்றை ஒருங்கே தெளிவாகக் காணமாட்டாது. இளங்கண் மாறிமாறி நோக்கிச் சமாளிக்கும். முதிய கண்ணுக்கோ பின்வெட்டு புகைபோல மங்கிவிடும். குறி சற்றே பிசகினால், காயப்பட்ட விலங்கு காட்டினுள் ஓடி நெடுநேரம் துன்புற்று மடியும். பழைய வின்செஸ்டர் வெற்றுத் தோட்டாவை மேற்புறமாக வீசுவதால், அதன் நேர்மேலே தொலைநோக்கியைப் பொருத்துவதும் கடினம்.

இத்தகையோருக்கு உதவுவது துளைக்குறி. பின்வெட்டுக்குப் பதிலாக ஒரு வட்டத் துளை, கண்ணுக்கு அண்மையில் அமைகின்றது. 1879இலேயே வில்லியம் லைமன் என்பார் இவ்வகைக் குறியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார்.

துளை எவ்வாறு உதவுகின்றது? ஒரு கடதாசி மட்டையில் குண்டூசியால் துளையிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதனூடாகப் புத்தகத்தை நோக்குங்கள். மங்கிய எழுத்துத் தெளிவதைக் காண்பீர்கள். சிதறி வரும் ஓரக் கதிர்களைத் துளை தடுத்து, நடுக் கதிர்களை மாத்திரம் உள்ளே விடுவதால் விழித்திரையில் மங்கல் குறைகின்றது. மேலும், துளையை நோக்க வேண்டியதில்லை. அதனூடாக நோக்கினாற் போதும். முன்மணியை வட்டத்தின் நடுவில் நிறுத்துவது கண்ணுக்கு இயல்பாகவே கைவரும். மூன்று பொருள்கள் இரண்டாகக் குறைந்துவிடுகின்றன.

இனித் தெரிவு. துளை சிறுத்தால் தெளிவு கூடும்; ஒளியோ குறையும். வெயிலில் தாள் இலக்கைச் சுடுபவருக்கு 0.050 அங்குலத் துளை பொருந்தும். விடியலிலும் அந்தியிலும் மரநிழலில் வேட்டையாடுபவருக்கு 0.125 அங்குலமோ அதனிற் பெரிதோ வேண்டும். அளவு வேறுபட்ட தட்டுகளைத் திருகி மாற்றக்கூடிய குறியை வாங்குதல் நன்று.

அடுத்தது இடம். துப்பாக்கியின் கைப்பிடிக் கழுத்தில் நிற்கும் குறி கண்ணுக்கு மிக அண்மையானது. இரு குறிகளுக்கும் இடைத்தூரம் நீளுவதால் பிழை குறையும். ஆயினும் வெடியின் பின்னுதைப்பிலே அது கண்ணில் மோதாவண்ணம் இடைவெளி இருத்தல் அவசியம். தோட்டா ஏறும் அறையின்மீது பொருத்தும் குறி சற்று முன்னே நிற்பதால், வேட்டைக்கு அதுவே ஏற்றது. புதிய பின்குறி உயர்ந்து நின்றால் முன்மணியையும் உயர்த்த வேண்டிவரும். தாள் இலக்கிற் சுட்டுப் பார்த்த பின்னரே காட்டுக்குச் செல்லுதல் தகும்.

மூக்குக் கண்ணாடியையும் மறத்தலாகாது. இரட்டை வில்லைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வாசிப்புக்குரியது. அதனூடாக நோக்கினால் முன்மணியும் இலக்கும் மங்கும். தூரப் பார்வைக் கண்ணாடியின் வலுவைச் சிறிது திருத்தி, முன்மணி தெளியும்படி கண் வைத்தியர் அமைத்துத் தரலாம். ஊசித் துளையினூடாகவும் பார்வை தெளியவில்லையெனில், குறை வில்லையின் இறுக்கம் மாத்திரமன்று. கண்புரையோ விழித்திரை நோயோ இருக்கலாம். அந்நிலையில் முதலில் நாடவேண்டியவர் கண் வைத்தியரே; துப்பாக்கிக் கடைக்காரர் அல்லர்.

துளைக்குறி, குறியைத் தெளிவாக்கும். புதருக்குள் அசைவது மானா மனிதனா என்பதை அது சொல்லாது. அதனை ஐயமறக் காண இயலாதபோது, விசையிலிருந்து விரலை எடுத்துவிடுவதே முதிர்ந்த வேட்டைக்காரருக்கு அழகு.