நான்கு பேர் கணக்கு

சிவகாசி வட்டாரத்தில் எந்தப் பட்டாசு ஆலைக்குள் போனாலும், ஒவ்வொரு செட்டின் சுவரிலும் பெயின்டில் சில விவரங்கள் எழுதியிருக்கும். செட்டின் எண், உள்ளே எவ்வளவு மருந்து இருக்கலாம், எத்தனை பேர் இருக்கலாம். மருந்து கலக்கும் செட் என்றால் இரண்டு பேர். குழாய்க்குள் மருந்து செலுத்தும் செட் என்றால் நான்கு பேர். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் என்று புத்தகம் தடிமனாக இருந்தாலும், போர்மேனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவ்வளவும் சுருங்கி அந்தச் சுவரில் நிற்கிறது.

தீப்பெட்டி கொண்டுபோகாதே, பீடி பிடிக்காதே என்பதெல்லாம் வெடிக்காமல் பார்த்துக்கொள்ள. நான்கு பேர் கணக்கு அப்படிப்பட்டதில்லை. என்றைக்காவது ஒருநாள் வெடிக்கத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு எழுதிய விதி அது. நான்கு பக்கமும் வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, செட்டுக்கும் செட்டுக்கும் இடையே வெற்றுத்தரை எல்லாம் அதே யோசனையில் வந்தவைதான். கையைச் சுட்டுக்கொண்டவன் எந்தப் பக்கம் இருந்தாலும் இரண்டு எட்டில் வெளியே விழவேண்டும். ஒரு செட் போனால் அடுத்த செட் நிற்கவேண்டும்.

எதற்கு இவ்வளவு பயம்? மருந்து என்று நாங்கள் சொல்வதில் சத்தத்துக்கான ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி மூன்றும் சேர்ந்தது. தனித்தனியாக மூட்டையில் கிடக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. சலித்துக் கலந்த நிமிடத்திலிருந்து அதற்குத் தீக்குச்சி தேவையில்லை. அழுத்தித் தேய்த்தால் போதும். இரும்புக் கரண்டி சிமென்ட் தரையில் உரசினால் போதும். நைலான் சேலையில் சேரும் மின்சாரமே போதும். அதனால்தான் பித்தளை, மரச் சாமான்கள், தரையில் ரப்பர் விரிப்பு, உடம்பில் பருத்தித் துணி. செட்டுக்குள் காலை வைக்கும்முன் பூமியோடு இணைத்த செம்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுப் போகச் சொல்வதும் அதற்காகவே. கந்தகத்தோடு குளோரேட்டைச் சேர்ப்பது இன்னும் மோசம் என்பதால் 1992-இலேயே மத்திய அரசு அந்தக் கலவையைத் தடைசெய்துவிட்டது.

வெளியாட்களுக்குத் தெரியாத எதிரி ஒன்று உண்டு: ஈரம். பட்டாசு நனைந்தால் நமுத்துப்போகும், வெடிக்காது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அலுமினியப் பொடி மெல்ல வினைபுரியத் தொடங்கும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியின்றி உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போகும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் குவியலுக்குள் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே அன்றன்றைக்குக் கலந்ததை அன்றன்றைக்கே செலுத்தி முடிக்கவேண்டும், மிஞ்சியதை ராத்திரிக்கு வைக்காமல் முறைப்படி அழித்துவிடவேண்டும். ‘முந்தின நாள் மருந்து நீர்த்துப்போய் வெடித்தது’ என்று செய்தித்தாளில் படிக்கிறீர்களே, அதன் கதை இதுதான்.

இது தெரியாமலா மீறுகிறார்கள்? எல்லாருக்கும் தெரியும். கூலி பீஸ் ரேட். செலுத்தின குழாய்க்குத்தான் காசு. சாயங்காலம் மருந்தை அழிக்கச் சொன்னால், “இன்னும் கொஞ்சந்தான் அண்ணாச்சி, முடிச்சிட்டுப் போயிடுறேன்” என்பார் ஓர் அக்கா. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அழிக்கும் மருந்தில் அவருடைய அரைநாள் கூலி கிடக்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் ஏறும். நான்கு பேர் செட்டில் ஆறு பேர், எட்டுப் பேர் உட்காருவார்கள். இடம் போதாவிட்டால் மரத்தடிக்கு வந்துவிடும் வேலை. அங்கே சுவருமில்லை, கணக்குமில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். செட்டுகளைப் பலருக்குப் பிரித்து விட்டிருப்பார். உரிமம் கொடுக்கும் அலுவலகத்தை வைத்து நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) உரிமம் என்று இங்கே தராதரம் உண்டு. மருந்தின் அளவும் தயாரிக்கும் ரகமும் அதைப் பொறுத்தவை. குத்தகைக்காரருக்கு அந்த உரிமத்தில் பெயர் கிடையாது, அது போய்விடுமே என்ற பயமும் கிடையாது. கட்டிய குத்தகைப் பணத்தைச் சீசனுக்குள் எடுத்தாகவேண்டும். ஒரே வளாகத்தில் பல முதலாளிகள் என்றால் மொத்தம் எவ்வளவு மருந்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்தை மறக்க முடியுமா? தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒரு செட்டோடு நிற்கவேண்டியது வளாகம் முழுக்கப் பரவியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து உதவிக்கு ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம் ஆலையில் இருபது பேருக்குமேல் போனார்கள். அப்போதும் உள்குத்தகைப் பேச்சே அடிபட்டது. இரண்டிலும் முதல் பொறி எங்கே விழுந்தது என்பதைவிட, விழுந்த இடத்தைச் சுற்றி எவ்வளவு இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் சாவு எண்ணிக்கையை முடிவுசெய்தது.

ஆபத்தான தொழில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்தபோது போபால் ஆலையின் ஒரே தொட்டியில் 40 டன் அளவுக்கு மீத்தைல் ஐசோசயனேட் இருந்தது. அதைக் குளிர்விக்கும் இயந்திரத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். எரித்து அழிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. சிறிது சிறிதாகத் தயாரித்து உடனே பயன்படுத்தியிருந்தால், தொட்டிக்குள் தண்ணீர் போயிருந்தாலும் ஊரையே காவு வாங்கியிருக்காது.

விபத்து நடந்தால் ஆய்வுக் குழுக்கள் கிளம்பும், பதிவேடுகளைப் புரட்டுவார்கள், சீல் வைப்பார்கள். பதிவேட்டை ராத்திரியோடு ராத்திரியாக எழுதிவிடலாம். செட்டில் இருக்கும் ஆளை எழுத முடியாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் ஆபீஸில் டீ குடிக்கும் முன்பு, ஆடி, ஆவணி மாதத்தில், சாயங்காலம் நான்கு மணிக்கு, சொல்லாமல் வந்து தலையை எண்ணட்டும். மிஞ்சிய மருந்தை அழித்தாலும் அன்றைய கூலி குறையாது என்று ஆலைக்காரர்கள் எழுதிக் கொடுக்கட்டும். இரண்டாவது நடக்காதவரை முதலாவதற்குப் பயந்து மரத்தடியிலிருந்து ஓடி ஒளிவார்கள்; ஜீப் போனதும் திரும்பி வந்து உட்காருவார்கள்.