நெஞ்சுக்குள் வளரும் நரம்புக் கட்டி

நாள்பட்ட இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரேயில், முதுகெலும்பை ஒட்டி வழவழப்பான உருண்டை நிழல். பக்கத்தில் ஒரு விலா எலும்பு அரித்து மெலிந்திருக்கிறது. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையின் படம் இப்படி இருந்தால், அனுபவமுள்ள மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்வார். உடம்பில் பால் கலந்த காபி நிறத்தில் தட்டையான திட்டுகள் ஆறுக்குக் குறையாமல் இருக்கின்றனவா, அக்குளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் உண்டா என்று பார்ப்பார்.

இருந்தால், நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற மரபணுக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். ஏறத்தாழ 3,000 குழந்தைகளில் ஒன்று இதோடு பிறக்கிறது. செல்கள் வரம்பு மீறிப் பெருகாமல் பிரேக் போடும் ஒரு புரதத்துக்கான மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் நரம்பைப் போர்த்தியிருக்கும் செல்கள் பெருகிக் கட்டியாகின்றன. ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே’ என்று பெற்றோர் திகைப்பார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது பரம்பரையாக வருவதில்லை. அந்தப் பிள்ளையிடம்தான் முதன்முதலாகத் தோன்றுகிறது. கர்ப்பகாலத்தில் தாய் சாப்பிட்டதோ செய்ததோ இதற்குக் காரணமே அல்ல.

இந்தக் கட்டி நெஞ்சுக்குள் வருவது அபூர்வம். வந்தால் வெளியே தெரியாது. நுரையீரல் விட்டுக்கொடுப்பதால் பெரிதாகும்வரை தொந்தரவும் இருக்காது. பிறகுதான் மூச்சுத் திணறல், முதுகுவலி, கை மரத்துப்போதல்.

பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஆனால் இந்தக் கோளாறு உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, வாழ்நாளில் எப்போதாவது, நரம்புறையில் புற்றுநோய் வருகிறது. தூக்கத்திலிருந்து எழுப்பும் ஓயாத வலி, திடீர் வளர்ச்சி, புதிதாக வரும் தசைப் பலவீனம் ஆகியவை அதன் அறிகுறிகள். ‘வளர்கிற வயசு, வலிக்கத்தான் செய்யும்’ என்று தைலம் தேய்த்துவிட்டு இருந்துவிடக் கூடாது. எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன், தேவையானால் திசுப் பரிசோதனை உடனே வேண்டும். புற்றுநோய் என்றால், பரவுவதற்குள் முழுவதுமாக வெட்டி எடுப்பதே முதல் சிகிச்சை.

அறுவை செய்ய முடியாத சாதாரணக் கட்டிகளுக்கு இப்போது மாத்திரை உண்டு. செலுமெடினிப் என்ற அந்த மாத்திரை கொடுக்கப்பட்ட 50 குழந்தைகளில் 35 பேருக்குக் கட்டி ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சுருங்கியதாக 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே ஆண்டு அங்கே அதற்கு அனுமதியும் கிடைத்தது.

நரம்புறையில் வரும் அந்தப் புற்றுநோய் அதிகம் தாக்குவது இருபது, முப்பது வயதுகளில். குழந்தை மருத்துவரிடம் போவது நின்று, படிப்பு, வேலை என்று ஊர் மாறி, வருடாந்தரப் பரிசோதனை விட்டுப்போவதும் அந்த வயதில்தான். பதினெட்டு வயதாகும் முன்பே பழைய ஸ்கேன் படங்களோடு பெரியவர்களுக்கான மருத்துவர் ஒருவரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.