டைப் செய்தால் கோடு ஏன் ஓடுகிறது? படிவத்தில் வரும் அந்தச் சின்னத் தலைவலிக்கு என்ன தீர்வு?

வாட்ஸ்அப்பில் ஒரு வேர்டு ஃபைல் வருகிறது. கூடவே, ‘இதை நிரப்பி உடனே அனுப்புங்க’ என்று ஒரு மெசேஜ். திறந்தால் பெயர், முகவரி, வட்டம், மாவட்டம் என எல்லாவற்றுக்கும் எதிரே நீளமாக ஒரு கோடு. அங்கே டைப் செய்தால் எழுத்து கோட்டின் மேல் உட்காராமல், கோட்டைத் தள்ளிக்கொண்டு போகிறது. மிச்சக் கோடு அடுத்த வரியில் விழுகிறது. கீழே இருந்த கையெழுத்து இடம் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடுகிறது.

‘கோடுதானே, விடுங்க’ என்று எல்லா ஊர்க்காரர்களும் சொல்லிவிட முடியாது. உதாரணம் சிவகிரி. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் கோட்டத்தில் ஒரு சிவகிரி இருக்கிறது. ஈரோடு மாவட்டத்திலும் ஒரு சிவகிரி இருக்கிறது. இரண்டுமே பேரூராட்சிகள். முகவரியில் ஊர்ப் பெயர் மட்டும் நின்று மாவட்டம் வெட்டுப்பட்டுப் போனால், எந்தச் சிவகிரி என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. பழைய படிவத்தில் ‘திருநெல்வேலி’யை அழித்து ‘தென்காசி’ என்று மாற்றினாலே போதும், பெயர் சுருங்கி, பின்னால் இருக்கும் கோடெல்லாம் இடம் மாறிவிடும்.

கோடு அல்ல, எழுத்து

படிவம் தயாரித்தவர் அந்தக் கோட்டை வரையவில்லை, டைப் செய்திருக்கிறார். ஷிஃப்ட்டோடு மைனஸ் கீயை அழுத்திப் பிடித்தால் வரும் அண்டர்ஸ்கோர் அது. வேர்டைப் பொறுத்தவரை அதுவும் ‘அ’, ‘ஆ’ போல ஓர் எழுத்துதான். நடுவில் புது எழுத்து நுழைந்தால் பழையது நகரத்தானே செய்யும்?

இது டைப்ரைட்டர் காலத்துப் பழக்கம். அங்கே தாளில் கோட்டை அடித்துவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பி வந்து அதன் மேலேயே எழுத்தை அடிக்கலாம். கம்ப்யூட்டர் வந்தது, பழக்கம் போகவில்லை. (மூன்று அண்டர்ஸ்கோர் போட்டு என்டர் தட்டினால் பக்கம் முழுக்க அழிக்கவே முடியாத ஒரு கோடு வருமே, அது தனி இம்சை. அது எழுத்து இல்லை, வேர்டு தானாகப் போட்ட பார்டர். பார்டர் மெனுவில் ‘நோ பார்டர்’ கொடுத்தால் போய்விடும்.)

எப்படிப் போட வேண்டும்?

டேபிள்தான் நம்பகமான வழி. இரண்டு செல்: இடது செல்லில் ‘பெயர்’, வலது செல் காலி. எல்லா பார்டரையும் எடுத்துவிட்டு வலது செல்லின் அடி பார்டரை மட்டும் வைக்க வேண்டும். பார்க்க அதே கோடுதான், ஆனால் டைப் செய்தால் நகராது. டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் வரிசையின் உயரத்தை ‘எக்ஸாக்ட்லி’ என்று பூட்டினால் கீழே உள்ளதும் அசையாது.

இங்கே தமிழுக்கு ஒரு எச்சரிக்கை. உயரத்தையோ வரி இடைவெளியையோ ரொம்பக் குறைத்துப் பூட்டினால் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் மேல் சுழி வெட்டுப்படும். ஆங்கிலத்தில் டெஸ்ட் பண்ணிவிட்டு அனுப்புபவர்கள் கண்ணில் இது படாது.

இதைவிட மோசமானது எழுத்து வரம்பு. வேர்டின் டெவலப்பர் டேபில் உள்ள பழைய ஃபார்ம் ஃபீல்டில் ‘அதிகபட்சம் 10’ என்று வைக்க முடியும். நாம் எண்ணினால் ‘சங்கரன்கோவில்’ 8 எழுத்துதான். ஆனால் யூனிகோடில் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணக்கு 13 ஆகிறது. பத்தில் நிறுத்தினால் ‘சங்கரன்கோவ’ என்று நிற்கும். நாலெழுத்து ‘சிவகிரி’யே 7 இடம் பிடிக்கும். தமிழ்ப் படிவத்துக்கு வரம்பு வைக்காமல் விடுவதே நல்லது.

முகவரிக்கு நாலு கோடு?

சிக்கலே இங்கேதான். நாலு வரிசை டேபிள் போட்டால், முதல் வரிசை நிரம்பியதும் எழுத்து தானாக இரண்டாம் வரிசைக்கு இறங்காது. ஒவ்வொரு முறையும் டேப் தட்ட வேண்டும். பத்திக்கு அடி பார்டர் கொடுத்தாலும் பத்தி முடியும் இடத்தில்தான் கோடு வரும், ஒவ்வொரு வரிக்கும் வராது.

உண்மையில் கோடு என்பது பேனாவுக்கானது, கை வளையாமல் எழுத. டைப் செய்பவருக்கு அது தேவையே இல்லை, ஒரு பெட்டி போதும். அதனால் பிரின்ட் எடுத்து எழுதுபவர்களுக்கு 24 பாயின்ட், அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்ட ஒரு படிவம், டைப் செய்பவர்களுக்கு முகவரிக்குப் பெட்டி வைத்த இன்னொரு படிவம் என்று இரண்டாகக் கொடுப்பதுதான் நேர்மையான வழி. பெட்டிக்குள் 2007 பதிப்பில் அறிமுகமான கன்டென்ட் கன்ட்ரோலை வைத்து, ‘ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்’கில் படிவம் நிரப்ப மட்டும் அனுமதி கொடுத்தால், மற்ற இடத்தில் யாரும் கை வைக்க முடியாது.

படிவம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா?

போனில் நிரப்பாதீர்கள். மொபைல் வியூ திரைக்கேற்ப வரிகளை மடக்கிக் காட்டும், கோடு எங்கே முடிகிறது என்றே தெரியாது. லேப்டாப்பில் திறந்து, அண்டர்ஸ்கோர்களை அழித்துவிட்டு விவரத்தை டைப் செய்து, அதைத் தேர்வு செய்து கன்ட்ரோல் + யு கொடுத்தால் அடிக்கோடு வந்துவிடும். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்குங்கள். அனுப்புவதற்கு முன் அந்த பிடிஎஃப்பைத் திறந்து, மாவட்டமும் பின்கோடும் முழுசாக நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.