தலைப்புக்கும் கட்டுரைக்கும் இடையில்

ஆய்வு என்னும் சொல் தமிழ் வாசகர் பலருக்குப் பல்கலைக்கழகத்தையும் முனைவர் பட்டத்தையுமே நினைவூட்டுகிறது. ஆயினும், பாடநூலில் விடை அச்சிடப்படாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குரிய சான்றுகளைத் தேடி, அவற்றுள் நம்பத்தக்கவற்றைப் பிரித்தறிந்து, கிடைத்த முடிவைக் காரணங்களோடு தன் சொற்களில் எடுத்துரைக்கும் எச்செயலும் ஆய்வே ஆகும். உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர் இதைச் செய்ய வல்லவர்களே. ஆனால் நீச்சலையும் நெசவையும் போல ஆய்வும் படிப்படியாகக் கற்பிக்கப்பட வேண்டிய ஒரு திறன் என்பது பள்ளிகளில் இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

தமிழகப் பள்ளிகளில் செயல்திட்டம், ஒப்படைப்பு ஆகிய பெயர்களில் ஆய்வு சார்ந்த வேலைகள் கொடுக்கப்பட்டே வருகின்றன. பல வகுப்புகளில் ஆசிரியர் ஒரு தலைப்பையும் ஒப்படைக்க வேண்டிய நாளையும் அறிவிக்கிறார். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் மாணவர் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது சொல்லப்படுவதில்லை. அதனால், இணையத்தில் முதலில் கண்ணில் படும் பக்கத்தை அச்செடுத்தோ பார்த்தெழுதியோ, படம் ஒட்டி, அட்டை போட்டுக் கொடுத்துவிடுவதே வழக்கமாகிவிடுகிறது. இதை மாணவரின் சோம்பல் என்று கொள்வது சரியன்று. தலைப்புக்கும் கட்டுரைக்கும் இடையில் நடக்க வேண்டியவையே உண்மையான ஆய்வு. அந்த இடைவெளி கற்பிக்கப்படாமல் விடப்படும்போது, எளிதாகக் கைக்கு எட்டும் வழியையே மாணவர் பற்றிக்கொள்கிறார்.

நூலகர் ஒருவர் கண்டறிந்தது

இந்த இடைவெளியில் மாணவரின் சிந்தையிலும் மனத்திலும் என்ன நிகழ்கிறது என்பதை முறைப்படி ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவைச் சேர்ந்த கரோல் கூல்தாவ். நியூ ஜெர்சி மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி நூலகராகப் பணியாற்றிய அவர், நூலகத்தில் எப்படித் தேடுவது என்பதை நன்கு கற்பித்த பின்னரும் ஆய்வுக் கட்டுரை எழுதத் தொடங்கும் மாணவர் குழப்பத்தோடும் தயக்கத்தோடும் திரும்பி வருவதைக் கவனித்தார். 1980களின் தொடக்கத்தில் இறுதி வகுப்பு மாணவர் குழு ஒன்றைத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் எழுதிய நாட்குறிப்புகள், வரைந்த காலக்கோடுகள், அளித்த நேர்காணல்கள் ஆகியவற்றைக் கொண்டு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1983இல் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். பின்னர் கல்லூரி மாணவர், பொது நூலக வாசகர் ஆகியோரிடமும் இதை விரிவாகச் சோதித்து, 'தகவல் தேடல் படிமுறை' என்னும் கோட்பாடாக வளர்த்தெடுத்தார்.

கூல்தாவ் ஆய்வை ஆறு நிலைகளாகப் பகுக்கிறார். வேலை ஒப்படைக்கப்பட்டு, என்ன செய்ய வேண்டும் என்று விளங்கிக்கொள்வது தொடக்க நிலை. பொதுவான தலைப்பொன்றைத் தெரிவு செய்வது இரண்டாம் நிலை. அத்தலைப்பைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் பரவலாகப் படித்துப் பார்க்கும் துழாவல் மூன்றாம் நிலை. படித்தவற்றிலிருந்து தனக்கென ஒரு கேள்வியை அல்லது கோணத்தை வகுத்துக்கொள்வது நான்காம் நிலை. சிதறிய ஒளிக்கதிர்களை வில்லை ஒரு புள்ளியில் குவிப்பது போன்ற செயலாதலால் இதைக் குவிமையம் அமைத்தல் எனலாம். அக்கேள்விக்குத் தேவையான சான்றுகளை மட்டும் திரட்டுவது ஐந்தாம் நிலை. கண்டதை எழுதியோ பேசியோ எடுத்துரைப்பது ஆறாம் நிலை.

இந்த ஆறு நிலைகளைக் காட்டிலும் முக்கியமானது, ஒவ்வொரு நிலையிலும் மாணவரின் மனநிலை எவ்வாறு மாறுகிறது என்று அவர் காட்டியதாகும். தலைப்பைத் தெரிவு செய்தவுடன் மாணவரிடம் ஊக்கம் மேலோங்குகிறது. ஆனால் துழாவல் நிலையில், படிக்கும் நூல்கள் ஒன்றோடொன்று முரண்படுவதையும் தான் அறிந்திருந்தவை பொருந்தாமல் போவதையும் காணும்போது, நம்பிக்கை தளர்ந்து குழப்பமும் சலிப்பும் மிகுகின்றன. குவிமையம் அமைந்த பின்னரே தெளிவு பிறந்து, திரட்டும்போது நம்பிக்கை வளர்கிறது. ஆகவே, நடுவழியில் வரும் குழப்பம் மாணவரின் திறமைக் குறைவால் விளைவதன்று. அது புதிய அறிவு உருவாகும்போது எல்லாரிடமும் தோன்றும் இயல்பான கட்டம். இதை முன்கூட்டியே அறியாத மாணவர், தனக்கு மட்டுமே விளங்கவில்லை என்று எண்ணித் துழாவலைக் கைவிட்டு, யாரோ எழுதியதைப் பார்த்தெழுதும் இடமும் இதுவே. ஆசிரியர் அருகில் நிற்க வேண்டிய இடமும் இதுவே.

மைக்கேல் ஐசன்பெர்க், ராபர்ட் பெர்க்கோவிட்ஸ் ஆகிய இருவர் 1990இல் நூலாக வெளியிட்ட 'பெரிய ஆறு' என்னும் முறையும் உலகின் பல பள்ளிகளில் பின்பற்றப்படுகிறது. பணியை வரையறுத்தல், எங்கே தேடலாம் என்று திட்டமிடுதல், சான்றுகளைக் கண்டடைதல், அவற்றிலிருந்து வேண்டியதை எடுத்தல், தொகுத்து உருவாக்குதல், செய்ததை மதிப்பிடுதல் என்பன அதன் படிகள். பெயர்கள் வேறுபட்டாலும், கேள்வி முதலில், சான்று அடுத்து, எழுத்து அதன்பின் என்னும் வரிசையில் இம்முறைகள் ஒத்துப்போகின்றன.

ஒரு கண்மாயை முன்வைத்து

இப்படிகள் நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதை, பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவருக்குத் 'தமிழக நீர்நிலைகள்' என்னும் தலைப்பு தரப்படுவதாகக் கொண்டு விளக்கலாம். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன; அவையனைத்தையும் பற்றி ஒரு மாணவர் புதிதாக எதையும் கண்டறிய இயலாது. ஆகவே முதல் இரண்டு வாரங்கள் தலைப்பைத் தன் ஊர்க் கண்மாய் என்னும் அளவுக்குச் சுருக்குவதற்கும், அதைப் பற்றிப் பொதுவாகப் படிப்பதற்கும் உரியவை. இக்கட்டத்தில் வரத்துக்கால், மடை, கலிங்கு, ஆயக்கட்டு ஆகிய சொற்களை மாணவர் அறிந்துகொள்கிறார்: நீரைக் கண்மாய்க்குக் கொண்டுவருவது வரத்துக்கால், வயலுக்குத் திறந்துவிடும் வாயில் மடை, மிகுநீர் வழியும் அமைப்பு கலிங்கு, அந்நீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பு ஆயக்கட்டு. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ளவை மாநில அரசின் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருப்பது தெரியவரும்போது, யாரிடம் சென்று கேட்பது என்பதும் விளங்கிவிடுகிறது.

மூன்றாம் வாரத்தில் கேள்வி வடிவம் பெற வேண்டும். 'எங்கள் ஊர்க் கண்மாயின் சிறப்புகள்' என்பது கேள்வியன்று. அதற்கு எதை எழுதினாலும் பொருந்தும். 'எங்கள் ஊர்க் கண்மாயின் ஆயக்கட்டில் நெல் சாகுபடி கடந்த இருபது ஆண்டுகளில் ஏன் குறைந்தது?' என்பது இடம், காலம், பொருள் ஆகிய மூன்றாலும் எல்லை கட்டப்பட்ட கேள்வி. நல்ல ஆய்வுக் கேள்விக்கு மூன்று இலக்கணங்களை வகுப்பில் சொல்லித் தரலாம்: ஆம், இல்லை என்னும் ஒற்றைச் சொல்லில் அதன் விடை முடியக் கூடாது, சான்று கொண்டு விடை காணக்கூடியதாக இருக்க வேண்டும், மாணவரின் கைக்கு எட்டும் தொலைவில் அச்சான்று இருக்க வேண்டும்.

அடுத்து வருவது திரட்டல். இங்கே முதன்மைச் சான்று, துணைமைச் சான்று என்னும் வேறுபாட்டை மாணவர் கற்கிறார். நிகழ்வோடு நேரடித் தொடர்புடைய பதிவேடு, கடிதம், கல்வெட்டு, நேர்காணல் போன்றவை முதன்மைச் சான்றுகள்; அவற்றைப் பயன்படுத்திப் பிறர் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் துணைமைச் சான்றுகள். மேற்கண்ட கேள்விக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல் ஒரு சிறந்த முதன்மைச் சான்று. எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர் விளைந்தது என்பதைப் பசலி ஆண்டு வாரியாக அது காட்டுகிறது. பசலி என்பது ஜூலை 1இல் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டு. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால், அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். அடங்கலோடு, வட்டார மழையளவுப் பதிவுகளும், கண்மாய் நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சிய நீர்க்கட்டியின் நினைவுகளும், மூத்த உழவர்களின் நேர்காணல்களும், மாவட்ட விவரச்சுவடிகளும் சேர்கின்றன. மதுரை மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளியான விவரச்சுவடி, நூற்றாண்டுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட உதவும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வழியே பழைய தமிழ் நூல்கள் பலவற்றைச் சிற்றூரிலிருந்தும் படிக்க முடிகிறது.

மழை குறைந்ததே சாகுபடி குறைந்ததற்குக் காரணம் என்பது மாணவரின் தொடக்க ஊகமாக இருக்கலாம். இருபது ஆண்டு மழையளவை அட்டவணையிட்ட பின், மழை பெரிதும் குறையவில்லை என்றும், வரத்துக்கால் தூர்ந்துபோனதோ ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதோ விளைநிலங்கள் வீட்டு மனைகளானதோ காரணமாகலாம் என்றும் சான்றுகள் சுட்டக்கூடும். தன் ஊகத்தைச் சான்றின் முன் வைத்து, அது தவறென்றால் கைவிடும் அந்தத் தருணமே ஆய்வுக் கல்வியின் உச்சப் பயன். எந்தப் பாடநூலும் அதை மனப்பாடமாகத் தந்துவிட முடியாது.

சான்றை எடைபோடுதல்

இணையத்தில் காணும் தகவலின் நம்பகத்தைச் சோதிக்கும் முறையும் ஆய்வுக் கல்வியின் பகுதியே. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்றறிஞர்கள், தொழில்முறையில் செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் 10 பேர், 25 இளநிலை மாணவர்கள் ஆகியோர் இணையப் பக்கங்களை எப்படி மதிப்பிடுகின்றனர் என்று ஒப்பிட்டுப் பார்த்தனர். கற்றறிந்த வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் ஒரே பக்கத்துக்குள் நின்று மேலிருந்து கீழாகப் படித்து, அதன் நேர்த்தியான தோற்றத்தாலும் சின்னங்களாலும் பெரும்பாலும் ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்களோ, அப்பக்கத்தை விட்டு விரைவில் வெளியேறி, அதை நடத்துபவர் யார், பிறர் அதைப் பற்றி என்ன சொல்கின்றனர் என்பதை வேறு பக்கங்களில் தேடி, குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தனர். பக்கவாட்டு வாசிப்பு எனப்படும் இம்முறையை ஒரே பாடவேளையில் செய்து காட்டிக் கற்பிக்க முடியும். ஊரார் கருத்தைக் கேட்டறியாமல் அறிமுகமற்றவரிடம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, இதன் பொருள் எளிதில் விளங்கும்.

குறிப்பெடுக்கும் பழக்கமும் இதே அளவு கவனத்துக்குரியது. ஓர் அட்டைக்கு ஒரு கருத்து, அட்டையின் தலையில் நூலின் பெயரும் பக்க எண்ணும், நூலின் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி, இல்லையேல் நூலை மூடிவைத்துவிட்டுத் தன் சொற்களில் சுருக்கம் என்னும் எளிய ஒழுங்கைப் பழகிய மாணவர், பிறர் எழுத்தைத் தன் எழுத்தென்று காட்டும் கருத்துத் திருட்டுக்கு அறியாமல்கூட ஆளாவதில்லை.

நூலகரும் மதிப்பெண்ணும்

இப்பணியை ஒரு பாட ஆசிரியர் தனியே சுமக்க வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவதாக, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை வைத்தார். நூல்களைப் பூட்டிக் காப்பதைவிட, வாசகர் தேடுவதை அவர் கைக்குக் கொண்டுசேர்ப்பதே நூலகரின் கடமை என்னும் பார்வை அவருடைய விதிகளில் அடங்கியிருக்கிறது. பள்ளி நூலகரையும் கிளை நூலகரையும் ஆய்வின் இரண்டாவது ஆசிரியராகக் கருதும் பள்ளி, அவர் வகுத்த நெறியையே பின்பற்றுகிறது.

மதிப்பெண் வழங்கும் முறை மாறாமல் இவை எதுவும் நிலைக்காது. இறுதியில் ஒப்படைக்கப்படும் கட்டுரைக்கே முழு மதிப்பெண்ணும் உண்டென்றால், மாணவரின் கவனமும் அதன் தோற்றத்திலேயே நிற்கும். கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட காலத்தில், அத்தகைய மதிப்பீடு மாணவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. 20 மதிப்பெண்ணில், கேள்விக்கு 4, சான்றுப் பட்டியலுக்கு 4, குறிப்பட்டைகளுக்கு 4, முதல் வரைவையும் அதன் திருத்தங்களையும் சேர்த்து 3, இறுதிக் கட்டுரைக்கு 5 என்று பகிர்ந்தளித்தால், ஒவ்வொரு படியும் ஆசிரியரின் பார்வைக்கு வரும். தவறும் அந்தந்தப் படியிலேயே திருத்தப்படும். வளரறி மதிப்பீடு என்று தமிழகக் கல்வித் துறை பெயரிட்டிருப்பதன் உட்பொருளும், கற்றல் வளரும்போதே அதை அறிந்து துணைசெய்வதுதான்.

பள்ளிப் பருவத்தினர் ஆய்வு செய்ய இயலுமா என்னும் ஐயத்துக்கு இடமில்லை. 1993 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயது வரையுள்ளோர் தத்தம் ஊர்ச் சிக்கல்களைக் களத்தில் ஆராய்ந்து முடிவுகளை முன்வைக்கின்றனர். தமிழகக் கிராமப்புறப் பள்ளி மாணவரும் அதில் பங்கேற்றுவருகின்றனர். அந்த வாய்ப்பு ஆர்வமுள்ள சிலரோடு நின்றுவிடாமல், வகுப்பறையிலுள்ள ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ பெரும் செலவோ தேவையில்லை. வாரத்துக்கு ஒரு பாடவேளையாக எட்டு வாரங்களும், ஒரு கட்டு அட்டைகளும், மாணவர் குழம்பி நிற்கும் மூன்றாம் நிலையில் அருகிருந்து துணைசெய்யும் ஓர் ஆசிரியரும் போதும். இக்கல்வியாண்டில் ஒரு வகுப்புக்கு, ஒரே ஒரு செயல்திட்டத்தையேனும் இவ்வாறு படிப்படியாக நடத்திப் பார்க்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும். பிள்ளைகள் செயல்திட்டத்தோடு வீடு திரும்பும்போது, பெற்றோரும் எப்போது முடிப்பாய் என்று கேட்பதற்கு முன், உன் கேள்வி என்ன என்று கேட்க வேண்டும்.